சுரங்கக் குட்டையில் இறங்கும் பறவைகள்: நீரின் நஞ்சு அவற்றுக்குத் தெரியாதா?

வலசைப்பித்தன் (கேள்வி):
வணக்கம். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், பியூட் நகரை ஒட்டி, பெர்க்லி பிட் என்றொரு கைவிடப்பட்ட செம்புச் சுரங்கக் குழி இருக்கிறது. 1982-இல் நிலத்தடி நீரை இறைத்து வெளியேற்றுவது நின்றபின் அது அமிலநீர் ஏரியாகிவிட்டது. 1995-இல் அங்கே 342 பனிவாத்துகளின் உடல்களைக் கண்டெடுத்தார்கள். 2016 நவம்பரில் மூவாயிரம் முதல் நாலாயிரம் வரை மாண்டன.

எனக்கு இரண்டு சந்தேகங்கள். கண்டத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு வழி தவறாமல் போகிற பறவைக்கு, கீழே இருப்பது நஞ்சு என்று தெரியாதா? அடுத்தது என் நண்பர் எழுப்பியது: "பூனைகளும் கண்ணாடிச் சன்னல்களும் கொல்கிற கணக்குக்கு முன்னால் இதெல்லாம் தூசு" என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

கரையோரம்:
முதல் கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன். மேலிருந்து பார்க்கும் வாத்துக்கு அகலமான நீர்ப்பரப்பு என்றால் பாதுகாப்பான இரவுத் தங்கல், அவ்வளவுதான். கரைந்திருக்கும் உலோகத்தை வானத்திலிருந்து அறிய வழியில்லை. 2016-இல் பனிப்புயல் வேறு கூட்டத்தைக் கீழே தள்ளியது.

கனடாவின் ஆல்பர்ட்டாவில் கதை சற்று மாறும். அங்கே எண்ணெய் மணல் சுரங்கங்களின் கழிவுக்குட்டைகள், வசந்தகாலத்தில் இயற்கை ஏரிகள் உறைந்து கிடக்கும்போதே திறந்த நீராக இருக்கும். வடக்கே போகும் வாத்துகளுக்கு வேறு இடம் இல்லை. 2008 ஏப்ரலில் அப்படி ஒரு குட்டையில் இறங்கியவை தாரெண்ணெயில் சிக்கி மூழ்கின. முதலில் சொன்ன எண்ணிக்கை 500. பிறகு அது 1,606 ஆயிற்று. இந்தத் திருத்தத்தை உங்கள் நண்பருக்குக் காட்டுங்கள்.

அறுவைமேசை:
நண்பருக்குக் கோபப்படாமல் பதில் சொல்லப் பார்க்கிறேன். இறந்த காட்டுப் பறவைகளை அறுத்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. என் மேசைக்கு வருவது யாரோ ஒருவர் கண்ணில் பட்ட உடல் மட்டுமே. நரி இழுத்துப்போனதும், நாணலுக்குள் ஒதுங்கிச் செத்ததும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. குட்டையில் மிதப்பவற்றை எண்ணிவிட்டு "இவ்வளவுதான்" என்பவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு.

தாதுவிலிருந்து தங்கத்தைக் கரைத்தெடுக்கும் சயனைடைப் பாருங்கள். கழிவுநீரில் அது தனித்திருந்தால், குடித்த பறவை கரையிலேயே விழும். ஆனால் செம்போடு பிணைந்திருந்தால் பறவை குடித்துவிட்டு ஒன்றும் நடவாததுபோல் பறந்துவிடும். இரைப்பை அமிலத்தில் பிணைப்பு உடைந்து சயனைடு வெளிப்படும்போது அது வேறெங்கோ இருக்கும். சுரங்கத்தின் பதிவேட்டில் அன்றைக்குச் சுழியம்.

ஈயம் இதைவிட நிதானமான கொலைகாரன். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் கோர் டலேன் ஆற்றுப் படுகை இருக்கிறது. 1880-களிலிருந்து வெள்ளி, ஈயச் சுரங்கங்களின் கழிவு அந்த ஆற்றில்தான் போயிற்று. வலசையின்போது அங்கே தங்கும் தூந்திர அன்னங்கள் நீர்ச்செடிகளின் கிழங்குக்காகச் சேற்றைக் கிளறுகின்றன. கிழங்கோடு ஈய வண்டலும் உள்ளே போகிறது.

ஈயமேறிய அன்னத்தை அறுக்கும்போது முதலில் கைக்குத் தட்டுப்படுவது நெஞ்செலும்பு. இருபுறமும் சதை கரைந்து, கத்தி முதுகுபோல் துருத்திக்கொண்டிருக்கும். உணவுக்குழாயைத் திறந்தால் உள்ளே தீனி அடைத்துக் கிடக்கும். தின்றிருக்கிறது, கீழே இறங்கவில்லை. ஈயம் நரம்புகளைத் தாக்கியதால் குழாயும் முன்னிரைப்பையும் அசைவற்றுப்போய், தொண்டை நிறைய உணவோடு பட்டினியில் செத்திருக்கிறது. வாலடி இறகுகளில் பச்சை மலம் ஒட்டியிருக்கும். வேட்டைக்காரர்களின் ஈயக்குண்டாக இருக்குமோ என்று அரைவைப்பையைப் பிளந்து துழாவினால், வண்டலில் நஞ்சேறிய பறவையிடம் குண்டு இராது, மண்தான் இருக்கும்.

இனி உங்கள் நண்பரின் பூனைக்கு வருகிறேன். பூனை ஒரு பறவையைப் பிடித்தால் அதோடு கணக்கு முடிந்தது. அந்த ஆற்றில் கழிவை நேரடியாகக் கொட்டுவது 1968-லேயே நின்றுவிட்டது. அன்னங்கள் இன்றும் சாகின்றன. ஒவ்வொரு வெள்ளமும் பழைய வண்டலைப் புரட்டி, புதிதாகப் பரப்பிவிட்டுப் போகிறது. இதை எந்த எண்ணோடு ஒப்பிடுவீர்கள்?

பிணமே விழாத சேதமும் உண்டு. நிலக்கரிச் சுரங்கப் பாறைக்குவியல்களிலிருந்து செலினியம் கசிந்து நீரில் சேர்ந்தால், தாய்ப்பறவை பார்வைக்கு நன்றாகவே இருக்கும். முட்டைக்குள் குஞ்சு கோணிய அலகோடு, சில வேளை கண்ணே இல்லாமல் உருவாகும். இன்னொன்று, அமிலநீர் ஓடைகளில் பூச்சிகள் அற்றுப்போவது. அங்கே மூழ்கி இரைதேடும் பறவைகள் நஞ்சால் சாவதில்லை, இடத்தைவிட்டுப் போய்விடுகின்றன. போனதை யார் எண்ணுவது?

குட்டைக்காவலன்:
தங்கச் சுரங்கத்தில் கழிவுக்குட்டைப் பொறுப்பில் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். எல்லாச் சுரங்கமும் கைகட்டி நிற்பதில்லை. பன்னாட்டு சயனைடு நெறிமுறைப்படி, பறவைகள் இறங்கக்கூடிய திறந்த நீரில் பலவீன அமிலத்தில் பிரியும் சயனைடு லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அறுவைமேசை சொன்ன செம்புப் பிணைப்பும் இந்த அளவீட்டில் அடங்கும். சிறிய குட்டைகளை வலையால் மூடுகிறோம், அல்லது மிதக்கும் பிளாஸ்டிக் பந்துகளால் நிரப்புகிறோம். பறவைகளை விரட்ட எழுப்பும் வெடிச்சத்தத்தை மட்டும் நான் நம்புவதில்லை. பறவைகள் பழகிவிடும்.

வலசைப்பித்தன்:
பியூட்டில் 1995-க்குப் பிறகு விரட்டும் ஏற்பாடு இருந்ததாகப் படித்தேனே, அண்ணா?

குட்டைக்காவலன்:
இருந்தது. துப்பாக்கிச் சத்தமும் ஒலிபெருக்கியும் சிறு கூட்டங்களுக்குப் போதும். புயலில் ஓய்ந்து ஆயிரக்கணக்கில் வந்து விழுந்தவற்றைக் கிளப்ப முடியவில்லை. அவ்வளவு பெரிய ஏரிக்கு வலை போடவும் முடியாது.

அறுவைமேசை:
50 மில்லிகிராம் வரம்பு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அது குட்டை நீருக்கானது. ஐடஹோ வண்டலுக்கு வலையும் பந்தும் உதவாது. அங்கே பலன் தந்த ஒரு வழி: ஆற்றோரத்தில் மாசு குறைந்த விளைநிலங்களில் நீரைத் தேக்கிச் சதுப்பாக மாற்றினார்கள். அன்னங்கள் வந்து மேய்கின்றன. படுகை முழுவதையும் சுரண்டி எடுப்பதைவிட விரைவாக நடக்கிற வேலை அது. வலசைப்பித்தன், அடுத்தமுறை நண்பர் எண்ணிக்கையைக் கேட்டால், எத்தனை பேர் நாணலுக்குள் இறங்கித் தேடினார்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.