கேஜ் என்பதற்குத் தமிழ்: தடிமனா, பருமனா, விட்டமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

உலோகக் கூம்பால் ஒலியைப் பெருக்கும் ரெசனேட்டர் கிதாருக்குத் தந்தி தேர்வதைப் பற்றிய நம் பேச்சில், தந்தி எவ்வளவு தடிப்பு என்பதைக் குறிக்கும் ‘கேஜ்’ என்ற சொல்லுக்குத் தடிமன், பருமன், நரம்புத் திண்மை என மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. மூன்றையும் மறுக்கத்தான் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தமிழ்நாட்டில் தடிமன் சரி. யாழ்ப்பாணத்திலோ தடிமன் என்றால் சளி. “உங்கள் முதல் தந்திக்கு என்ன தடிமன்?” என்று கேட்டால் மல்லித்தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். பருமனைப் பள்ளிப் பாடநூல்கள் கன அளவுக்கு எடுத்துக்கொண்டுவிட்டன. நரம்பு யாழுக்கு அழகு, ஆனால் எஃகுக் கம்பிக்கு ஒட்டவில்லை.

கேஜை அப்படியே வைத்துக்கொண்டால் என்ன என்று ஒருவர் கேட்டிருந்தார். என் அனுபவத்தைச் சொல்கிறேன். கிதாரில் மூன்றாம் தந்தி அறுந்துபோய், ஓர் இசைக்கருவிக் கடையில் “26 கேஜ்” கேட்டேன். கடைக்காரர் வீணைக்குக் கம்பி கொடுத்துப் பழகியவர், 26 கேஜ்தான் கொடுத்தார். வீட்டில் மாட்டினால் தொளதொளவென்று தொங்குகிறது, வாசிக்கப் பயன்படும் எஃகு உருளையான ஸ்டீல் பாரை வைத்தாலே தந்தி அமுங்கிச் சுருதி ஏறுகிறது. நான் கேட்டது 0.026 அங்குலம். அவர் கொடுத்தது பிரிட்டிஷ் கம்பி அளவுமுறையின் 26, அதாவது 0.018 அங்குலம். அந்த முறையில் எண் ஏற ஏறக் கம்பி மெலியும்: 22 என்பது 0.028, 30 என்பது 0.0124. கிதார்த் தந்தியில் எண் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு, ஏறினால் தடிக்கும். இரண்டுக்கும் பெயர் கேஜ். தவறு அவர் மேல் இல்லை, சொல் மேல்தான்.

ஆகவே ஒரே சொல்லுக்கு இரண்டு சொற்கள் வேண்டும். வீணைக் கம்பிக்குக் கம்பி எண், கிதார்த் தந்திக்குத் தந்தி விட்டம். விட்டம் என்றால் உத்தரம் என்று யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், அந்தக் குழப்பம் வராது. எட்டில் ஒரு பங்கு அங்குலத்தை ஆசாரிகள் ‘நூல்’ என்கிறார்கள், அதைத் தையல் நூல் என்று யாரும் நினைப்பதில்லை.

விட்டம் பொருந்தும் என்பதற்கு இன்னொரு காரணம், கணக்கு அதில்தான் நடக்கிறது. பள்ளியில் கம்பியின் அதிர்வை ஆராயும் சுரமானிப் பாடம் நினைவிருக்கும்: நீளமும் உலோகமும் மாறாதபோது, இழுவிசை விட்டத்தின் வர்க்கத்துக்கும் அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கும் நேர் விகிதம். டோப்ரோ (ரெசனேட்டர் கிதாரை அழைக்கும் பெயர்) வாசிப்பவர்களின் வழக்கமான ஜி சுருதியை எடுத்துக்கொள்ளுங்கள், தடித்த தந்தியிலிருந்து ஜி-பி-டி-ஜி-பி-டி. சாதாரணக் கிதார்ச் சுருதியோடு ஒப்பிட்டால் ஆறாம் தந்தி மூன்று அரைச்சுரம் ஏறுகிறது, ஐந்தாவது இரண்டு ஏறுகிறது, முதல் தந்தி இரண்டு இறங்குகிறது. பழைய தந்திகளையே வைத்துக்கொண்டால் ஆறாவதில் இழுவிசை 41 விழுக்காடு கூடும், முதலாவதில் 21 விழுக்காடு குறையும். ஒரு பக்கம் கழுத்து வளையும், மறுபக்கம் தந்தி துவளும்.

இழுவிசையைப் பழையபடி வைக்க முதல் தந்தி 13-லிருந்து 14.6 ஆனால் போதும். ஆனால் கடையில் விற்கும் டோப்ரோ செட் 16-இல் தொடங்கி 56-இல் முடிகிறது. ஏன் இவ்வளவு? விரலால் அழுத்துவதே இல்லை, கோட்டுவாத்தியம் போல ஸ்டீல் பாரைத் தந்தியின் மேல் நகர்த்துவதுதான். தந்தி விறைப்பாக இருந்தால்தான் பாரைத் தாங்கும். அந்த இழுவிசைக்குச் சதுரக் கழுத்துள்ள கிதார் வேண்டும். உருண்டைக் கழுத்துக் கருவியில் இதே செட்டை இதே சுருதிக்கு ஏற்றாதீர்கள். மடியில் வைக்கும் ஸ்டீல் கிதாரில் தந்தியின் நீளம் 22.5 அங்குலம் என்றால், 25 அங்குலக் கருவியின் இழுவிசையில் 81 விழுக்காடுதான் வரும், அங்கே விட்டத்தை இன்னும் கூட்டலாம்.

ஒரு குறை உண்டு, மறைக்கவில்லை. மையக் கம்பியின் மேல் இன்னொரு கம்பியைச் சுற்றிய சுற்றுத் தந்திக்கு விட்டம் முழுக் கதையைச் சொல்லாது. 26 விட்டமுள்ள சுற்றுத் தந்தி, அதே விட்டமுள்ள வெறுங்கம்பியைவிட எடை குறைவு, சுற்றுகளுக்கு நடுவே இடைவெளி இருப்பதால். அங்கே நீள அடர்த்தி, அதாவது ஓரலகு நீளத்தின் நிறை, என்று தனியாகச் சொல்லிவிடலாம். அதையும் ஒரே சொல்லுக்குள் திணிக்கத்தான் ‘திண்மை’ பரிந்துரைத்தவர் முயன்றார் என நினைக்கிறேன், நோக்கம் புரிகிறது.

அலகுக்கு லேத் பட்டறைக்காரர்களின் ‘தௌ’ போதும், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதே அளவின் இன்னொரு பெயரான ‘மில்’ வேண்டாம், மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஓட்டிப் பார்க்க ஒரு வாக்கியம்: “ஜி சுருதிக்கு மூன்றாவதாக 26 தௌ விட்டச் சுற்றுத் தந்தி கொடுங்கள், கம்பி எண் 26 வேண்டாம்.” அடுத்த முறை கடையில் இப்படியே கேட்கப் போகிறேன். ‘செட்’டுக்கு இன்னும் எதுவும் தோன்றவில்லை. ‘கோவை’ என்று எழுதிப் பார்த்தேன், ஊர்ப் பெயர் மாதிரி இருந்தது, அடித்துவிட்டேன்.