பென்சில்வேனியா காங்கிரஸ் தொகுதிகள்: வாக்கில் முந்தியவர்கள் இடங்களில் பிந்தியது எப்படி?

இளவேனில் (கேள்வி):
அமெரிக்கப் பிரதிநிதிகள் அவைக்குப் பென்சில்வேனியா மாநிலத்திலிருந்து தேர்வானவர்களின் விவரங்களைத் தேர்தல்வாரியாக ஒப்பிட்டுப் பார்த்தேன். 2012இல் மாநிலம் முழுவதும் ஜனநாயகக் கட்சி வேட்பாளர்கள் குடியரசுக் கட்சியினரைவிட 80,000க்கும் அதிகமான வாக்குகள் கூடுதலாகப் பெற்றிருந்தும், 18 இடங்களில் 5 மட்டுமே அவர்களுக்குக் கிடைத்தன. 2014, 2016 ஆகிய இரு தேர்தல்களிலும் அதே 13க்கு 5 என்ற நிலைதான். ஓர் இடம்கூடக் கட்சி மாறவில்லை. ஆனால் 2018 நவம்பரில் இரு கட்சிகளும் ஆளுக்கு 9 இடங்களில் வென்றன. இது வாக்காளர்களின் மனமாற்றமா, அல்லது தொகுதி எல்லைகள் மாறியதன் விளைவா?

பொதிகைவாசன்:
இரண்டுமே உண்டு, ஆனால் 2012 முடிவுக்குப் பெரும் காரணம் எல்லைகள்தான். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின் தொகுதி வரைபடத்தை வகுத்தபோது மாநிலச் சட்டமன்றமும் ஆளுநர் பதவியும் குடியரசுக் கட்சியிடமே இருந்தன. எதிர்க்கட்சி வாக்காளர்களைச் சில தொகுதிகளில் அடைத்துவிட்டு, எஞ்சியவர்களைப் பல தொகுதிகளில் சிறுபான்மையாகச் சிதறடிப்பதே கட்சி ஆதாயத்துக்காக எல்லை வகுப்பதன் வழிமுறை. 2012இன் தொகுதிவாரி வாக்கு விகிதத்தைப் பாருங்கள்: பிலடெல்பியாவின் 2ஆம் தொகுதியில் ஜனநாயகக் கட்சி ஏறத்தாழ 89 விழுக்காடும், 1ஆம் தொகுதியில் சுமார் 85 விழுக்காடும், பிட்ஸ்பர்க்கை உள்ளடக்கிய 14ஆம் தொகுதியில் சுமார் 77 விழுக்காடும் பெற்றது. குடியரசுக் கட்சியோ தான் வென்ற பெரும்பாலான தொகுதிகளில் 55 முதல் 65 விழுக்காட்டுக்குள் வென்றது. வெல்வதற்குத் தேவையானதைவிட மிகுதியாகக் குவிந்த வாக்குகள் பக்கத்துத் தொகுதிக்குப் பயன்படுவதில்லை. 80,000 வாக்கு முன்னிலை கரைந்துபோன இடம் அதுதான்.

2018 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் அந்த வரைபடத்தை ரத்து செய்தது. தேர்தல்கள் சுதந்திரமாகவும் சமமாகவும் நடைபெற வேண்டும் என்று பென்சில்வேனியா அரசியலமைப்பிலேயே ஒரு விதி இருக்கிறது. தீர்ப்பு அதன்மீதே நின்றது. சட்டமன்றமும் ஜனநாயகக் கட்சியின் ஆளுநர் டாம் உல்ஃபும் உடன்பாட்டுக்கு வராததால், பிப்ரவரியில் நீதிமன்றமே புதிய வரைபடத்தை வெளியிட்டது. பழைய வரைபடம் 28 கவுண்டிகளை (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகளை) பிளந்திருந்தது. புதியது 13ஐ மட்டுமே பிளந்தது. தீர்ப்பு மாநில அரசியலமைப்பைச் சார்ந்து நின்றது மிக முக்கியம் என்பேன். ஏனெனில் 2019இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கட்சி ஆதாயத்துக்காக எல்லை வகுக்கப்பட்டதா என்ற வழக்குகளைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் விசாரிக்க இயலாது என்று 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்துவிட்டது.

மான்ட்கோமரிவாசி:
பிலடெல்பியாவை ஒட்டியுள்ள எங்கள் மான்ட்கோமரி கவுண்டியின் மக்கள்தொகை ஒரு காங்கிரஸ் தொகுதிக்குரிய அளவைவிட அதிகம். ஆயினும் பழைய வரைபடத்தில் அது ஐந்து தொகுதிகளுக்குப் பங்கு போடப்பட்டிருந்தது. அவற்றில் 7ஆம் தொகுதி, ஒரு கார்ட்டூன் பாத்திரம் இன்னொன்றை உதைப்பதுபோல் இருப்பதாக நாடெங்கும் பேசப்பட்டது. கிங் ஆஃப் பிரஷ்யா என்ற ஊரில் அதன் இரு பகுதிகளையும் இணைத்த கழுத்து, ஓர் உணவகம் நிற்கும் மனையின் அகலமே கொண்டது. உள்ளூர்ப் பிரச்சினை ஒன்றுக்கு எந்தப் பிரதிநிதியை அணுகுவது என்று அடுத்தடுத்த தெருக்காரர்களே வெவ்வேறு பதில் சொல்லும் நிலை எனக்கு மிகுந்த வேதனை தந்தது. 2018இல் கவுண்டியின் பெரும்பகுதி 4ஆம் தொகுதியாக ஒன்றுசேர்ந்தது. ஜனநாயகக் கட்சியின் மேடலின் டீன் வென்றார். அதுவரை ஆண்கள் மட்டுமே இருந்த, பிரதிநிதிகள் அவைக்கான மாநிலக் குழுவில் அவருடன் மேரி கே ஸ்கேன்லன், கிறிஸ்ஸி ஹூலஹன், சூசன் வைல்ட் ஆகியோரும் இடம்பெற்றனர்.

நெடுங்கிள்ளி:
பொதிகைவாசன் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் எல்லைக் கோட்டின்மேலேயே எல்லாப் பழியையும் போடக் கூடாது. ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்கள் பிலடெல்பியாவிலும் பிட்ஸ்பர்க்கிலும் நெருக்கமாக வாழ்கிறார்கள். நீதிமன்றம் வகுத்த வரைபடத்திலும் 2018இல் பிலடெல்பியாவின் 3ஆம் தொகுதியில் டுவைட் எவன்ஸ் 93 விழுக்காடு பெற்றார். அந்த ஆண்டு மாநில அளவில் ஜனநாயகக் கட்சி சுமார் 55 விழுக்காடு வாக்கு பெற்றும் பாதி இடங்களே கிடைத்தன என்பதையும் மறக்க வேண்டாம். 18ஆம் தொகுதியில் மைக் டாயலை எதிர்த்துக் குடியரசுக் கட்சி யாரையும் நிறுத்தாததால் அந்த விகிதம் சற்று உயர்ந்திருக்கிறது என்பதும் உண்மைதான். வேட்பாளரின் செல்வாக்கும் உண்டு: பக்ஸ் கவுண்டியை உள்ளடக்கிய 1ஆம் தொகுதியில், 2020 அதிபர் தேர்தலில் பைடன் முந்தியிருந்தும், குடியரசுக் கட்சியின் பிரையன் ஃபிட்ஸ்பேட்ரிக் தொடர்ந்து வென்றுவருகிறார்.

இளவேனில்:
மூவருக்கும் நன்றி. அப்படியானால் 2024 முடிவை எப்படிப் புரிந்துகொள்வது?

பொதிகைவாசன்:
2020 கணக்கெடுப்புக்குப் பின் மாநிலம் ஓர் இடத்தை இழந்து 17 தொகுதிகளாயிற்று. 2022இலும் வரைபடத்தை மாநில உச்ச நீதிமன்றமே தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு ஜனநாயகக் கட்சிக்கு 9, குடியரசுக் கட்சிக்கு 8. அதே எல்லைகளோடு 2024இல் அது 7க்கு 10 என்று மாறியது. லீஹை பள்ளத்தாக்கின் 7ஆம் தொகுதியில் சூசன் வைல்டும், ஸ்க்ரான்டனைக் கொண்ட 8ஆம் தொகுதியில் மேட் கார்ட்ரைட்டும் தோற்றார்கள். ஹாரிஸ்பர்க் பகுதியின் 10ஆம் தொகுதியைக் குடியரசுக் கட்சியின் ஸ்காட் பெரி மயிரிழையில் தக்கவைத்தார். மூன்றிலும் வித்தியாசம் 2 விழுக்காட்டுக்குக் கீழ்தான். 2012 முதல் 2016 வரை ஓர் இடம்கூட அசையாத மாநிலத்தில், இப்போது சில ஆயிரம் வாக்காளர்கள் மனம் மாறினால் மூன்று இடங்கள் கைமாறுகின்றன. உங்கள் முதல் கேள்வியில் இருந்த மனமாற்றம் முடிவுகளில் தென்படத் தொடங்கியது நீதிமன்றம் தந்த எல்லைகள் வந்த பிறகுதான்.