வேலையிடத்தில் ஏஐ பாவனை: ஊழியர்களுக்கு விதிமுறை எழுத உதவி தேவை

வணக்கம் உறவுகளே. திருகோணமலை உப்புவெளியில் 8 அறைகளுடன் ஒரு சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறோம். விருந்தினர்களின் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுத, வரவேற்பு மேசையில் இருக்கும் பிள்ளை ஏஐ செயலி ஒன்றைப் பாவிக்கிறார். ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளில் வரும் கேள்விகளுக்குக்கூட இப்போது உடனே பதில் போகிறது. அது பெரிய உதவிதான்.

ஆனால் போன மார்கழியில், நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குத் தினமும் படகு போகும் என்று அது எழுதிவிட, நாங்களும் பார்க்காமல் அனுப்பிவிட்டோம். வடகீழ்ப் பருவக்காற்று நேரம், கடல் கொந்தளிப்பு. வந்த குடும்பம் இரண்டு நாளும் அறைக்குள்ளேயே இருந்தது. அந்தச் சின்னப் பிள்ளைகளின் முகம் இன்னும் மனதில் நிற்கிறது.

அதைவிடப் பெரிய பயம், பதிவுப் படிவம் நிரப்புவதற்காக விருந்தினர்களின் கடவுச்சீட்டுப் படங்களையும் வரவேற்பு மேசைப் பிள்ளை அந்தச் செயலியில் ஏற்றியிருக்கிறார். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. பிள்ளையில் பிழையில்லை. எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று நாங்கள் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

சரி, கேட்க வந்தது இதுதான். ஊழியர்களுக்காகத் தமிழில் எழுதிய விதிமுறை யாரிடமாவது இருந்தால் பகிர முடியுமா? பதிலை அனுப்பும் முன் உங்கள் இடத்தில் யார் சரிபார்க்கிறார்கள்? ஏற்றிய படங்களுக்கு, அந்த உரையாடலை அழித்தால் போதுமா? சட்டம் தெரிந்தவர்களும் சொல்லுங்கள். சித்திரைக்குப் பிறகு சீசன் தொடங்கிவிடும், அதற்கு முன் எழுதி முடிக்க வேண்டும்.