நடுக்கம் நின்றதும் சரியாகிவிட்டான் என்று நினைத்தேன்

மலைச்சாலை
லடாக்கில் கர்துங் லா கணவாய் ஏறியவர்களுக்கு வழி தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் மாதம். சௌத் புல்லு சோதனைச் சாவடி தாண்டியதும் மழை, மேலே போகப் போக அதுவே பனி. கூடப் படித்த நண்பன் தனி வண்டியில் வந்தான். மழைக்கோட்டு இல்லை. ஜெர்கினும் பனியனும் நனைந்து உடம்போடு ஒட்டிவிட்டன. 5,359 மீட்டர் உச்சியில் அவன் பல் கடகடவென்று அடித்துக்கொண்டது எனக்கே கேட்டது.

இறங்கும் வழியில் நிறுத்தினோம். ஒரு கல்லில் உட்கார்ந்தான். நடுக்கமே இல்லை. "மச்சி, இப்ப பரவாயில்லடா, உள்ள சூடா இருக்கு" என்று ஜெர்கின் ஜிப்பை இறக்கப் பார்த்தான். விரல் அதைப் பிடிக்கவில்லை, வழுக்கி வழுக்கிப் போனது. நான் "அப்பாடா" என்றேன்.

பின்னால் வந்த ராணுவ லாரி ஓட்டுநர் இறங்கி அவனிடம் பெயர் கேட்டார். குடித்தவன் போலக் குழறினான். அடுத்த நிமிடமே ஈர உடையை உருவி, கம்பளியில் சுருட்டி, லாரியில் படுக்க வைத்துவிட்டார். நடுக்கம் என்பது தசைகள் சூடு உண்டாக்கும் வேலை, உடம்பின் உள்வெப்பம் சுமார் 32 டிகிரிக்குக் கீழே போனால் அது நின்றுவிடும் என்று லே நகரில் டாக்டர் சொன்னார். அதுவரை இறுகிக் கிடந்த தோல் இரத்தக் குழாய்கள் களைத்துத் தளர்வதால்தான் அந்தப் பொய்ச் சூடு. பிழைத்துவிட்டான். ஆனாலும் நான் சொன்ன அந்த "அப்பாடா" இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

ஸ்கார்பரோ அக்கா
எனக்கு அவ்வளவு உயரமும் வேண்டாம், பனியும் வேண்டாம். ஒக்டோபரில், 8 பாகையில், பஸ் தரிப்பிடத்தில் நின்றேன். பஸ் வந்ததும் கார்ட்டை எடுத்தால் கீழே விழுந்துவிட்டது. குனிந்து எடுக்கிறேன், இரண்டு விரல்கள் மெழுகுதிரி மாதிரி வெள்ளை. வெள்ளை எங்கே முடிகிறது என்று கோடு போட்டது போலத் தெரிந்தது. பிறகு நீலம், பிறகு சிவப்பு. சிவப்பாகும்போதுதான் உயிர் போகிற வலி. அம்மா "உனக்கு இரத்தம் காணாது" என்றா. அது இரத்தக் குறைவு இல்லை, ரேனோ என்கிற வருத்தம் என்றார் டொக்டர். 1862இல் ரேனோ என்ற பிரெஞ்சு மருத்துவர் இதைப் பற்றி எழுதினாராம். குளிருக்கு எல்லாருடைய விரலிலும் குழாய் சுருங்கும், எனக்கு அது அளவு மீறிச் சுருங்குகிறது. இப்போது ஃப்ரீசரில் மீன் எடுக்கவும் கையுறைதான்.

திண்டுக்கல் 74
மலைச்சாலை, மேலேயே இரண்டு மூடி ரம் கொடுத்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது. அனுபவத்தில் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற நர்சிங் அசிஸ்டெண்ட்
திண்டுக்கல் சார், தயவுசெய்து இதைப் பரப்பாதீர்கள். ரம் உள்ளே போனால் தோலின் குழாய்கள் விரியும். நெஞ்சிலும் வயிற்றிலும் உடம்பு பிடித்து வைத்திருக்கும் சூடு தோல் வழியே வெளியே போகும். குடித்தவனுக்குச் சூடாகத் தெரியும், உள்ளே இன்னும் குளிரும். நடுக்கமும் குறைந்துபோகும்.

என் கதை சின்னது. ஒரு ஜவானின் பூட்ஸைக் கழற்றினேன். கட்டைவிரல் சாம்பல் நிறத்தில், தட்டினால் மரக்கட்டை போல. "சார், வலிக்கவே இல்லை" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு மறக்கவில்லை.

கேட்காமலே சொல்கிறேன், யாருக்காவது உதவும். உறைந்த விரலைத் தேய்க்காதீர்கள், பனியை வைத்துத் தேய்ப்பது அதைவிட மோசம், உள்ளே இருக்கும் பனித்துகள் சதையைக் கிழிக்கும். 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் வைக்க வேண்டும். கையே மரத்திருப்பவர் சூடு பார்க்கக் கூடாது, வேறொருவர் முழங்கையை விட்டுப் பார்க்கட்டும். வழியில் மறுபடி உறையும் என்றால் உருக்கவே வேண்டாம், உருகி உறைந்தால் விரல் போய்விடும். உடம்பே குளிர்ந்தவருக்கு முதலில் ஈர உடையை மாற்றுங்கள். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டை உறிஞ்சும். அப்புறம் நெஞ்சு, அக்குள், கழுத்துப் பக்கம் சூடு கொடுங்கள். கை காலில் வேண்டாம். தெளிவாகப் பேசி விழுங்க முடிந்தால் மட்டும் சர்க்கரை போட்ட டீ.

குன்னூர்
இவர் சொன்னதோடு ஒன்று. உறைபனி நாளில் அறைக்குள் கரி அடுப்பு வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். நாங்கள் நால்வரும் மண்டையிடியோடு விழித்தோம். என் தங்கை எழுந்து கதவைத் திறக்க நடந்தாள், தாழ்ப்பாளைத் தொடுவதற்குள் முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். குளிர் அல்ல, கரிப்புகை.

மலைச்சாலை
நர்சிங் அசிஸ்டெண்ட் ஐயா, ஒன்று முதலில் எழுதாமல் விட்டுவிட்டேன். லாரி வருவதற்கு முன், இரத்தம் ஓடட்டும் என்று அவனைப் பத்து நிமிடம் தோளில் சாய்த்து நடக்க வைத்தேன். அது சரியா?

ஓய்வுபெற்ற நர்சிங் அசிஸ்டெண்ட்
இல்லை தம்பி. நடுக்கம் நின்றவரை நடக்க வைத்தால் கை காலில் தேங்கிய குளிர்ந்த இரத்தம் உள்ளே திரும்பும், இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். அந்த ஓட்டுநர் படுக்க வைத்தாரே, அதுதான் சரி. உங்கள் நண்பரின் விரல்களில் இப்போது உணர்ச்சி எப்படி இருக்கிறது?