ராத்திரி தெருக்கூத்து, மூன்று கேமரா: ஒன்றில் பட்டை ஓடுகிறது, ஒன்றில் முகமே இருட்டு. உதவுங்கள்

வணக்கம். செய்யாறு பக்கம் ஒரு பாரதத் திருவிழாவில் (மகாபாரதக் கதையைக் கூத்தாக ஆடும் கோயில் விழா) விடிய விடிய நடந்த கூத்தை எடுத்தோம். நடுவில் வைடுக்கு சோனி ஏ7எஸ் 3, இடது பக்கம் க்ளோஸப்புக்குப் பழைய கேனான் டிஎஸ்எல்ஆர், வலது பக்கம் ஸ்டாண்டில் போன். வெளிச்சம் என்று பார்த்தால் இரண்டு எல்இடி ஃபோகஸ், சில ட்யூப் லைட், எல்லாமே ஜெனரேட்டரில். சோனி நொடிக்கு 25 ஃப்ரேம், மற்ற இரண்டும் ஆட்டோ.

கேனானில் கருப்புப் பட்டை மேலும் கீழும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. துரியோதனன் திரையை விலக்கி வெளியே வந்ததும் கிரீடத்துக் கண்ணாடி பளிச்சென்று அடிக்க, போன் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்து அரிதாரம் பூசிய முகத்தை இருட்டாக்கிவிடுகிறது. போன் வீடியோ ஆரம்பத்தில் தனியாக வைத்த ரெக்கார்டர் ஒலியோடு ஒட்டுகிறது, போகப் போகப் பாட்டு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். அடுத்த வாரம் அதே வாத்தியார் (கூத்துக் குழுவின் ஆசான்) இன்னொரு ஊரில் வேஷம் கட்டுகிறார். அவருக்கு வயதாகிவிட்டது, இந்த முறையாவது ஒழுங்காகப் பதிவு செய்துவிட வேண்டும்.

பதில் 1: பட்டைக்குக் காரணம், ஷட்டர் வேகம் விளக்கின் மினுங்கலோடு பொருந்தாதது. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதில் எரியும் விளக்கு நொடிக்கு 100 தடவை மினுங்கும். கேனான் மெனுவில் வீடியோ முறை என்டிஎஸ்சி (NTSC, 60 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கானது) என்று இருந்தால் பால் (PAL, 50 ஹெர்ட்ஸுக்கானது) என்று மாற்றி, 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 நொடி வையுங்கள். ஆனால் ஜெனரேட்டரில் லோடு ஏறி இறங்கும்போது அந்த 50 அப்படியே நிற்காது, அதனால் 1/50-லும் லேசான பட்டை வரலாம். முகத்தில் விழும் விளக்கை மட்டுமாவது பேட்டரியில் ஓடும் நல்ல எல்இடி பேனலாக மாற்றிவிட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பதில் 2: மூன்றையும் மேனுவலில் பூட்டுங்கள், போனையும் சேர்த்து. ஒயிட் பேலன்ஸும் ஆட்டோ வேண்டாம். மேடை வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பார்த்து மூன்றிலும் ஒரே கெல்வின் எண் (வெளிச்சத்தின் நிறத்தைக் குறிப்பது) வையுங்கள். கிரீடத்திலும் புஜக்கட்டையிலும் (தோளில் கட்டும் அணி) இருக்கும் கண்ணாடி எரிந்து வெள்ளையாகிப் போனால் போகட்டும், நீங்கள் முகத்தைப் பார்த்து எக்ஸ்போஷர் வையுங்கள். க்ளோஸப்பை சோனிக்குக் கொடுங்கள், இருட்டு அதிகம் தாங்குவது அதுதான், நாம் பார்க்கப் போவதும் வாத்தியாரின் கண்ணைத்தான். சோனியில் எஸ்-லாக்3-ல் (பிறகு எடிட்டில் நிறம் திருத்துவதற்கான பதிவு முறை) எடுப்பதாக இருந்தால் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் எண்) 640 அல்லது 12800. நடுவில் 6400-ல் வைத்தால் 12800-ஐ விட மணல் மணலாக இருக்கும், நம்பச் சிரமமாக இருக்கும், சோதித்துப் பாருங்கள்.

பதில் 3: போன் விலகுவது ஃப்ரேம் ரேட் நிலையாக இல்லாததால். ஏற்கெனவே எடுத்ததை ஹேண்ட்பிரேக் (HandBrake) என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் போட்டு, அதே ஃப்ரேம் ரேட்டில் கான்ஸ்டன்ட் (மாறாதது) என்று மாற்றிய பிறகு எடிட்டுக்குக் கொண்டுபோங்கள். ரெக்கார்டர் ஒலியை ராத்திரி முழுக்க நிறுத்தாமல் ஓட விட்டு அதையே அடிப்படையாக வைத்து மற்றதையெல்லாம் அதோடு ஒட்டுங்கள். அப்புறம், பழைய கேனான்களில் பல 29 நிமிடம் 59 நொடியில் தானாக நின்றுவிடும். திரை விருத்தம் (வேஷம் திரைக்குப் பின்னாலிருந்து வருமுன் பாடும் பாட்டு) பாடும்போது நின்றால் போச்சு. கட்டியக்காரன் (கூத்தின் கோமாளி) பேசும் இடமாகப் பார்த்து நீங்களே நிறுத்தி மறுபடி போடுங்கள், அந்த நேரம் மற்ற இரண்டும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

கேட்டவர்: ரொம்ப நன்றி. பேனல் ஒன்று வாடகைக்குக் கிடைக்கும். ஆடுபவர்கள் கண்ணில் அடிக்காதா?

பதில் 1: நேர் எதிரே வைத்தால் அடிக்கும், சுற்றி ஆடும்போது தடுமாறிவிடுவார்கள். பக்கவாட்டில், ஆள் உயரத்துக்கு நன்றாக மேலே, முன்னால் ஒரு வெள்ளைத் துணி கட்டி வையுங்கள். வேஷம் கட்டுவதற்கு முன்பே வாத்தியாரை அந்த இடத்தில் நிற்கச் சொல்லிக் கேளுங்கள். அவர் சரி என்றால் மட்டும் போடுங்கள், வேண்டாம் என்றால் இருக்கிற வெளிச்சத்திலேயே சோனியை 12800-ல் வைத்து எடுத்துவிடுங்கள்.