விசுவாசி ஓட்டுப் போட வேண்டும் என்று வேதம் சொல்கிறதா?

கேள்வி: நெல்லை வாலிபர் சங்கம்

ஸ்தோத்திரம். எங்கள் சேகரத்தில் தேர்தலுக்கு முன்பு வாலிபர் கூடுகையில் வாக்களிப்பது பற்றி ஒரு மணி நேரம் பாடம் எடுக்க வேண்டும். வருகிறவர்களில் சிலர் "நம்முடைய குடியிருப்போ பரலோகத்திலிருக்கிறது" (பிலிப்பியர் 3:20) என்று சொல்லி வாக்குச்சாவடிப் பக்கமே போகாதவர்கள். சிலர் சபை ஐயர் (போதகர்) கைகாட்டும் கட்சிக்கு அப்படியே போடுகிறவர்கள். "ஓட்டுப் போடு" என்று நேரடியாக ஒரு வசனமும் இல்லை என்பது தெரியும். அப்படியானால் எதை அடிப்படையாக வைத்துப் பேசுவது? ஆலயத்துக்குள் எதுவரை பேசச் சட்டம் இடம் தருகிறது? இரண்டுக்கும் பதில் வேண்டும்.

பதில்: வேதபாட மாணவர்

பெரும்பாலோர், அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ரோமர் 13-ல் தொடங்குவார்கள். அதை மட்டும் வைத்துப் பாடம் எடுத்தால் பாதியில் நின்றுவிடும். அந்த நிருபத்தை வாசித்த ரோமாபுரி சபையாருக்கு இராயனை (ரோமப் பேரரசரை) தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது. கீழ்ப்படிவதும் வரி கட்டுவதும்தான் அவர்கள் கையில் இருந்தது. நம் நிலை வேறு. அரசியல் சாசனத்தின் முகவுரையே "இந்திய மக்களாகிய நாம்" என்றுதான் தொடங்குகிறது. அதிகாரத்தில் ஒரு பங்கு வாக்காளர் கையிலும் இருக்கிறது. ஆகவே "நன்மை உண்டாகும்பொருட்டு தேவ ஊழியக்காரன்" என்று பவுல் அதிகாரியைப் பற்றிச் சொன்னதன் பொறுப்பு, அதிகாரியைத் தேர்ந்தெடுப்பவர் மேலும் விழுகிறது.

அடுத்து யாத்திராகமம் 18:21-ஐயும் உபாகமம் 1:13-ஐயும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். முதலாவதில் மாமனார் எத்திரோ மோசேக்குத் தகுதிகளைச் சொல்கிறார்: திறமை, தேவபயம், உண்மை, பொருளாசை மேல் வெறுப்பு. இரண்டாவதில் மோசே அதே காரியத்தை நினைவுபடுத்தும்போது, ஞானமும் விவேகமும் உள்ள மனிதரைத் தெரிந்துகொள்ளுங்கள் என்று ஜனங்களிடமே சொல்கிறார். நியமிப்பது மோசே, தெரிந்தெடுப்பது ஜனங்கள். இது நம் தேர்தல் முறை அல்ல, அப்படி நீட்டவும் கூடாது. ஆனால் தங்களை ஆளுகிறவர்களைத் தெரிந்தெடுப்பதில் தேவஜனத்துக்கும் வேலை உண்டு என்பதற்கு இது போதும்.

பிலிப்பியர் 3:20-க்கு வருகிறேன், உங்கள் கூடுகையில் முதலில் எழும் கேள்வி அதுதான். பிலிப்பி ஒரு ரோமக் குடியேற்றப் பட்டணம். அதே பட்டணத்துச் சிறைச்சாலையில்தான் பவுல், "ரோமராகிய எங்களை விசாரிக்காமல் வெளியரங்கமாய் அடித்தீர்கள், அதிகாரிகளே வந்து வெளியே அழைத்துக்கொண்டு போகட்டும்" என்ற பொருளில் பேசி நின்றார் (அப்போஸ்தலர் 16:37). பின்னால் எருசலேமில் சாட்டையடிக்குமுன் குடியுரிமையைச் சொன்னார் (22:25). செசரியாவில் இராயனுக்கு அபயமிட்டார், அதாவது அவரிடம் மேல்முறையீடு செய்தார் (25:11). பரலோகக் குடியுரிமையைப் பற்றி எழுதியவரே பூமியின் குடியுரிமையை மூன்று தரம் பயன்படுத்தியிருக்கிறார். அந்த வசனத்தை வாக்களிக்காமல் இருப்பதற்கு ஆதாரமாக்குவது பவுலின் நடக்கைக்கே எதிரானது.

எல்லாவற்றுக்கும் அடியில் எரேமியா 29:7-ஐ வையுங்கள். பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கே அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடும்படி கட்டளை வந்தது. அயலானுக்கு ரேஷனும் ஆஸ்பத்திரியும் குடிதண்ணீரும் சரியாகக் கிடைப்பது என் ஓட்டையும் பொறுத்தது என்றால், வீட்டில் இருந்துவிடுவது அயலானை விட்டுவிடுவதுதான்.

பதில்: பங்கு மறைக்கல்வி

கத்தோலிக்கத் தரப்பில் இது வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, எண் 2240: வரி செலுத்துவது, வாக்குரிமையைப் பயன்படுத்துவது, நாட்டைக் காப்பது மூன்றும் அறநெறிக் கடமை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' ஏட்டின் 75-ஆம் எண், வாக்களிப்பதை உரிமை என்றும் கடமை என்றும் சேர்த்தே சொல்கிறது.

ஆனால் வரலாற்றை மறைத்துப் பேசக் கூடாது. இத்தாலி அரசு பாப்பரசரின் ஆட்சிப் பகுதிகளைக் கைப்பற்றிய காலத்தில், 1868 முதல், அந்நாட்டுக் கத்தோலிக்கர் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிப்பது தகாது என்று உரோமையே சொல்லியிருந்தது. 1905-ல் பத்தாம் பத்திநாதர் அதைத் தளர்த்தினார். முழுவதும் நீங்கியது 1919-ல். அரை நூற்றாண்டு விலகி நின்றதில் பொதுவாழ்வில் இருந்து கத்தோலிக்கர் ஒதுங்கிப்போனதுதான் மிச்சம். இன்றைய போதனையின் உறுதிக்கு அந்த அனுபவமும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

"கிறிஸ்தவ வேட்பாளருக்குத்தானே போட வேண்டும்?" என்று உங்கள் கூடுகையில் யாராவது கேட்பார்கள். 1919-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி சென்னை மாகாணத்தில் இந்தியக் கிறிஸ்தவருக்கு, அவர்கள் மட்டுமே வாக்களிக்கும் தனி வாக்காளர் தொகுதி இருந்தது. சேலத்துக்காரரான கிறிஸ்தவத் தலைவர் கே.டி. பால் போன்றவர்கள் அதை எதிர்த்தார்கள். அரசியல் நிர்ணய சபையில் கிறிஸ்தவரான எச்.சி. முகர்ஜியும், சென்னை மாகாணத்திலிருந்து சென்ற இயேசு சபைக் குரு ஜெரோம் டிசோசாவும் இருந்தபோது, சட்டசபைகளில் மதச் சிறுபான்மையினருக்கான இட ஒதுக்கீடு கைவிடப்பட்டது. நமக்கென்று தனி இடம் கேட்காமல், எல்லாரோடும் ஒரே பட்டியலில் நின்று வாக்களிக்கிறோம் என்பதே அந்த முடிவு. ஆகவே வேட்பாளரின் ஞானஸ்நானச் சான்றிதழைப் பார்த்துப் போடுவது அந்தத் தலைமுறை எடுத்த நிலைக்கு விரோதம்.

பதில்: மூப்பர்

வாக்களிக்காத விசுவாசிகளைச் சோம்பேறிகள் என்று பாடத்தில் சொல்லிவிடாதீர்கள். 1527-ல் ஷ்லைட்ஹைமில் கூடிய அனபாப்டிஸ்ட் சகோதரர்கள், பட்டயம் (வாள்) ஏந்தும் அதிகாரப் பதவி கிறிஸ்துவின் சீஷனுக்கு ஏற்றதல்ல என்று அறிக்கையாகவே எழுதினார்கள். பிரதரன் கூடுகைகளிலும் பழைய தலைமுறையில் பலர் ஓட்டுப் போடுவதில்லை. "என் ராஜ்யம் இவ்வுலகத்திற்குரியதல்ல" (யோவான் 18:36) என்பதுதான் ஆதாரம். தான் தெரிந்தெடுத்த அரசாங்கம் நடத்தும் யுத்தத்துக்கும் தூக்குத் தண்டனைக்கும் தானும் உடந்தை ஆகிவிடுவேனோ என்பது அவர்களுடைய மனச்சாட்சிக் கேள்வி.

நான் அந்த நிலையில் இல்லை. ஆனாலும் ரோமர் 14:5 இங்கே பொருந்தும்: அவனவன் தன் மனதில் முழு நிச்சயத்தோடு இருக்கட்டும். வாக்களிக்காதவர் 1 தீமோத்தேயு 2:1-2-ன்படி அதிகாரிகளுக்காக ஜெபிக்கிறாரா, வரியை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று பாருங்கள். அது இருந்தால் அவர் நிலைக்கு வேர் இருக்கிறது. வாக்களிப்பதையோ வாக்களிக்காததையோ கர்த்தருடைய பந்தியில் (திருவிருந்தில்) சேருவதற்குச் சோதனையாக்குவது இரண்டு பக்கமும் தவறு.

வாக்குச்சாவடிக்குப் போயும் ஒருவருக்கும் போட மனமில்லாதவருக்கு 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு நோட்டா உண்டு. நோட்டாவுக்கு அதிக வாக்கு விழுந்தாலும் அடுத்த இடத்தில் உள்ள வேட்பாளர் ஜெயிப்பார் என்பதைச் சொல்லிக்கொடுங்கள்.

பதில்: வழக்கறிஞர்

இரண்டாவது கேள்விக்கு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 123-ல் இரண்டு உட்பிரிவுகளைக் கவனியுங்கள். 123(3): மதத்தின் பேரால் வாக்குக் கேட்பது ஊழல் நடவடிக்கை. வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் குற்றமே என்று 2017 ஜனவரி 2-ல் ஏழு நீதிபதிகள் அமர்வு 4-3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது (அபிராம் சிங் வழக்கு). 123(2): "இவருக்குப் போடாவிட்டால் தேவகோபம் வரும்" என்று நம்பவைப்பது தகாத செல்வாக்கு. வேட்பாளரோ முகவரோ செய்தாலும், அவர்கள் சம்மதத்தோடு வேறொருவர் செய்தாலும், அந்தத் தேர்தலே செல்லாமல் போகலாம். ஆசீர்வாதம் என்று நினைத்துப் பேசிய போதகர், தான் ஆதரித்தவரின் வெற்றியையே கெடுத்துவிடக்கூடும்.

வேட்பாளரின் சம்மதம் இல்லை என்றாலும் போதகர் தப்பிவிட முடியாது. மத நிறுவனங்கள் துஷ்பிரயோகத் தடுப்புச் சட்டம் 1988 இருக்கிறது. ஆலய வளாகத்தையோ, சபை நிதியையோ, ஆராதனைக் கூட்டத்தையோ அரசியலுக்குப் பயன்படுத்தினால் ஐந்து ஆண்டு வரை சிறை.

நடைமுறையில்: "தவறாமல் வாக்களியுங்கள்" என்று அறிவிக்கலாம். பெயர் சேர்க்க உதவலாம். எத்திரோ சொன்ன தகுதிகளைப் பிரசங்கிக்கலாம். கட்சி, சின்னம், வேட்பாளர் பெயர் மூன்றும் பீடத்திலும் சபை வாட்ஸ்அப் குழுவிலும் வரக் கூடாது. தவறு பெரும்பாலும் நடப்பது வேட்பாளர் ஞாயிறு ஆராதனைக்கு வரும்போதுதான். அவரை மற்றவர்களோடு பெஞ்சில் உட்காரவிடுங்கள். மைக், பொன்னாடை, பீடத்துக்கு அழைத்து ஜெபிப்பது எதுவும் வேண்டாம்.

சபை வலுவாகவும் நேர்மையாகவும் தலையிட முடியும் என்பதற்கு மிசோரம் உதாரணம். பிரஸ்பிட்டேரியன் சபையின் முன்முயற்சியில் 2006-ல் தொடங்கிய மிசோரம் மக்கள் மன்றம் எல்லாக் கட்சிகளோடும் ஒப்பந்தம் போட்டு, விருந்து, பணம், ஆடம்பரப் பிரசாரம் ஆகியவற்றைக் கட்டுப்படுத்துகிறது. ஒரு கட்சிக்கும் வாக்குக் கேட்பதில்லை.

நெல்லை வாலிபர் சங்கம்

எல்லாருக்கும் நன்றி. ஒன்று விட்டுப்போயிற்று. பணம் வாங்கும்போது சாமி மேல், வேதத்தின் மேல் சத்தியம் வாங்கிக்கொள்கிறார்கள். "சத்தியம் பண்ணிவிட்டேன், மாற்றிப் போட்டால் பாவம்" என்று பயப்படுகிற தாய்மார்களுக்கு என்ன சொல்வது?

பதில்: வேதபாட மாணவர்

ஏரோது ராஜாவைக் காட்டுங்கள் (மாற்கு 6:26). தான் இட்ட ஆணைக்காகத் துக்கத்தோடு யோவான் ஸ்நானனின் தலையைக் கொடுத்தான். ஆணையைக் காப்பாற்றியதை வேதம் மெச்சவில்லை. லேவியராகமம் 5:4-5 பதறி இட்ட ஆணையை அறிக்கையிடச் சொல்கிறது, நிறைவேற்றச் சொல்லவில்லை. பாவம் வாங்கியதிலும் சத்தியம் பண்ணியதிலும் இருக்கிறது. மனச்சாட்சிப்படி போடுவதில் இல்லை. ஆனால் "வாங்கிக்கொண்டு மாற்றிப் போடு" என்று பாடத்தில் யோசனை சொல்லாதீர்கள், அது பொய்யைக் கற்றுக்கொடுப்பதாகும். வாசலிலேயே மறுக்கச் சொல்லுங்கள். வாங்கியதைக் காணிக்கையில் போட்டுத் தீர்த்துக்கொள்வதும் வழியல்ல. யூதாஸின் வெள்ளிக்காசைப் பிரதான ஆசாரியரே காணிக்கைப் பெட்டியில் சேர்க்கவில்லை (மத்தேயு 27:6).

1774 அக்டோபரில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி வாக்குரிமை உள்ள தம் சங்கத்தாருக்குச் சொன்னதைப் பலகையில் எழுதிப்போடலாம். கூலி வாங்காமல் தகுதியானவருக்குப் போடுங்கள். எதிர்த்து நின்றவரைப் பற்றித் தீதாய்ப் பேசாதீர்கள். மறுபக்கம் போட்டவர்கள் மேல் மனக்கசப்பு வேண்டாம். மூன்றாவதுதான் ஒரே சேகரத்தில் இரண்டு கட்சிக்காரர் இருக்கும் நம் ஊருக்கு மிகவும் தேவை.

பதில்: வழக்கறிஞர்

சட்டத்தில் கொடுப்பவரோடு வாங்குபவரும் குற்றவாளி. பாரதிய நியாய சன்ஹிதா (குற்றவியல் சட்டம்) 170, 173 பிரிவுகளின்படி ஓராண்டு வரை சிறை. பணப் பட்டுவாடாவால் 2016-ல் தஞ்சாவூர், அரவக்குறிச்சியிலும், 2017-ல் ஆர்.கே. நகரிலும், 2019-ல் வேலூரிலும் தேர்தலே ரத்தானது. பட்டுவாடா நடந்தால் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் படம் எடுத்து அனுப்பலாம்.

தாய்மார்களுக்கு இன்னொரு பயம், யாருக்குப் போட்டோம் என்று தெரிந்துவிடும் என்பது. விவிபேட் (போட்ட வாக்கைச் சரிபார்க்க அச்சிடும் இயந்திரம்) சீட்டு ஏழு விநாடி கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்துவிட்டுப் பெட்டிக்குள் விழும். அதில் வாக்காளர் பெயரோ எண்ணோ இருக்காது. மாதிரிச் சீட்டை வரைந்து காட்டினால் பயம் குறையும்.

கடைசியாக வாக்காளர் பட்டியல். இடமாற்றம் ஆன போதகர்களும் கன்னியர் மடத்துச் சகோதரிகளும் பழைய ஊரில் பெயரை விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8, புதிதாகச் சேர்ப்பவருக்குப் படிவம் 6. இரண்டு இடத்தில் பெயர் இருக்கக் கூடாது. 85 வயது தாண்டியவர்கள் வீட்டிலிருந்தே வாக்களிக்கப் படிவம் 12டி. வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பெயர் ஏறாது. விண்ணப்பத்தின் விசாரணைக்கும் நாள் பிடிக்கும் என்பதால், அதற்குப் பத்து நாளாவது முன்பு உங்கள் கூடுகையை வையுங்கள்.