தம்பியின் கார் பிரீமியம்: எங்கள் குடும்பக் குழுவில்

தம்பி: மாமா, காரின் காப்பீட்டைப் புதுப்பிக்கக் கேட்டிருக்கும் பிரீமியம் சென்ற ஆண்டைவிட மிகவும் கூடுதலாக இருக்கிறது. வேகத்துக்காக இரண்டு அபராதங்கள், என் மீது தவறு என்று முடிவான ஒரு மோதல், இவற்றைத் தவிர என் பதிவில் வேறொன்றும் இல்லை.

மாமா: அவையே போதும். உன்னைப் போன்ற பதிவுள்ளவர்கள் வரும் ஆண்டில் எத்தனை முறை கிளெய்ம் கேட்கக்கூடும், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு செலவாகும் என்பதைக் கணக்கிட்டுத்தான் நிறுவனம் தொகையை வைக்கிறது. சாதாரண வேக அபராதத்தைவிட உன் தவறால் நேர்ந்த விபத்துக்கே எடை அதிகம். குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டிருந்தால் சில நிறுவனங்கள் பாலிசியே தந்திருக்கமாட்டா.

நான்: அமெரிக்காவின் பல மாநிலங்களில், அப்படிப் பிடிபட்டவருக்குக் காப்பீடு இருப்பதை நிறுவனமே அரசுக்கு உறுதிப்படுத்தும் எஸ்ஆர்-22 என்ற சான்று, பெரும்பாலும் 3 ஆண்டுகள் தொடர வேண்டும். சான்றுக்கான கட்டணம் சிறியது. பிரீமியம்தான் ஆளை அசைத்துவிடும்.

தம்பி: என் வயதும் கணக்கில் சேருமா?

மாமா: பல நாடுகளில் சேரும். எதைக் கணக்கில் எடுக்கலாம் என்பதைச் சட்டமே சில இடங்களில் கட்டுப்படுத்துகிறது. ஆண், பெண் என்று பார்த்துப் பிரீமியம் வைக்கக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. ஓட்டுநரின் பாதுகாப்புப் பதிவு, ஆண்டில் ஓடும் தூரம், ஓட்டிய அனுபவம் ஆகிய மூன்றுக்கும் முதன்மை தர வேண்டும் என்று கலிபோர்னியா மக்கள் 1988இல் வாக்களித்தார்கள். என்னைக் கேட்டால் அதுவே நியாயமான வரிசை.

அப்பா: பாலிசியை என் பெயரில் எடுத்து, இவனைக் கூடுதல் ஓட்டுநராகக் காட்டிவிட்டால் தொகை இறங்கிவிடாதா?

மாமா: அத்தான், அந்த யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். நாள்தோறும் ஓட்டுபவன் அவனாக இருக்கும்போது உங்களை முதன்மை ஓட்டுநர் என்று எழுதினால், அது உண்மையை மறைத்ததாகும். பிரீமியம் வாங்கும்போது எவரும் துருவமாட்டார்கள். பெரிய விபத்து நடந்த பிறகுதான் கார் யார் வீட்டு வாசலில் நின்றது, அலுவலகத்துக்கு யார் ஓட்டிச் சென்றார் என்றெல்லாம் விசாரிப்பார்கள். பாலிசியை ரத்து செய்து இழப்பீட்டையும் மறுத்துவிட்டால், எதிர்த்தரப்பின் நட்டம் உங்கள் தலையில் விழக்கூடும்.

அப்பா: சரி, அது வேண்டாம். வேறு என்ன வழி?

மாமா: கிளெய்மின்போது கையிலிருந்து போடும் தொகையைக் கூட்டினால் பிரீமியம் குறையும், ஆனால் அந்தப் பணம் எப்போதும் கைவசம் இருக்க வேண்டும். சக்தி குறைந்த, பழுதுச் செலவு குறைந்த கார் என்றால் இன்னும் இறங்கும். ஓட்டும் விதத்தைப் பதிவு செய்யும் கருவியைப் பொருத்தினால் சில நிறுவனங்கள் சலுகை தருகின்றன. நள்ளிரவுப் பயணத்தையும் திடீர் பிரேக்கையும் அது குறித்துக்கொள்வதால், பழக்கம் மாறாதவனுக்கு அதுவே எதிர்ச்சாட்சி. எப்படியிருந்தாலும் பாலிசியை ஒரு நாள்கூட இடைவெளி விடாமல் தொடரு. இடைவெளி விழுந்தால் அதையும் ஒரு குறையாக எடுத்துக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு.

தம்பி: இந்தப் பதிவுகள் எத்தனை ஆண்டுகள் துரத்தும், மாமா?

மாமா: பல நிறுவனங்கள் 3 முதல் 5 ஆண்டுகள் வரை திரும்பிப் பார்க்கின்றன. மோதல் நடந்த தேதியையும் இரண்டு அபராதங்களின் தேதிகளையும் இங்கே அனுப்பு. எந்தப் புதுப்பித்தலில் எது விலகும் என்று பார்த்துவிட்டு மற்ற நிறுவனங்களிடம் விலை கேட்போம்.